தொற்றுக்காலமும் தோட்டத்து உளநலமும்: யாருக்குப் பயிற்சி, எதற்காகப் பயிற்சி?

(நோட்டன் பிரிட்ஜில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் மலையகத் தோட்டங்களில் உளநலம் எப்படிக் கவனிக்கப்பட்டது, இனி எப்படிக் கவனிக்கப்பட வேண்டும் என்பதே இவ்வாண்டுச் சொற்பொழிவின் பொருள். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதைகள் மூடப்படும் ஒரு நெருக்கடியில் தோட்டத்து மக்களுக்கான உளநல உதவி வெளியிலிருந்து வந்து சேராது. அன்றாடம் மக்களோடு பழகும் சிலர் தோட்டத்துக்குள்ளேயே முன்கூட்டிப் பயிற்றப்பட்டிருக்க வேண்டும். அவர்களுக்குத் தொடர்ந்து வழிகாட்ட ஒருவர் இருக்க வேண்டும். அந்த வேலைக்கென நேரமும் ஊதியமும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயிற்சி ஒரு சான்றிதழோடு முடிந்துவிடும்.

நடந்ததைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 20 மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேயிலை ஏற்றுமதி தடைப்படக் கூடாது என்பதால் பெருந்தோட்ட வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நாடு வீட்டுக்குள் இருந்தபோது மலையகத் தொழிலாளர்கள் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கும் கொழுந்து மலைக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அப்போது அவர்களுடைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அது 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வெளியானது மறு ஆண்டு மார்ச்சில்தான். பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்த பிள்ளைகள் பலர் வேலையிழந்தார்கள். அவர்கள் அனுப்பிவந்த பணம் நின்றது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று பரவியபோது, ஊர் திரும்பிய பிள்ளைகளைக் கண்டு ஊரே அஞ்சியது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. அதையொட்டி மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை போடப்பட்டது. பண்டிகைக்குப் பிள்ளை வருமா என்று பார்த்திருந்த தாய், வந்துவிடுமோ என்றும் அஞ்ச வேண்டியிருந்தது. ஒரே மனம் ஒரே பிள்ளையைக் குறித்து இரண்டு விதமாகத் தவித்த காலம் அது.

தனிமைப்படுத்தல் என்ற ஏற்பாடு லயத்துக்குள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஒடுங்கிய வாசல், பக்கத்தில் கரி படிந்த அடுப்படி. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல குடும்பங்கள். பல லயங்களில் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசையும் உண்டு. தண்ணீர்க் குழாய் பொது, மலசலகூடம் பல இடங்களில் பொது. இங்கே ஒருவருக்குத் தொற்று என்றால் லயம் முழுவதும் மூடப்படும். மலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் அந்நாள் வேலைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. கடையில் கடன் ஏறும், நுண்கடன் தவணை தள்ளிப்போகும். யாரால் லயம் மூடப்பட்டதோ அந்த வீட்டின் மீது மற்ற வீடுகளின் கோபம் விழும். நோயாளி தனியறையில் ஓய்வெடுக்கும் வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள், தனியறையே இல்லாத இடத்தில் நோயோடு குற்றவுணர்வையும் பகையையும் சேர்த்தே பரப்பின. இந்தச் சுமையை வைரஸின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. வீட்டின் அமைப்பும் கூலியின் முறையும் சேர்ந்து உண்டாக்கிய சுமை அது.

உலக அளவில் நடந்ததற்குச் சான்றுகள் உள்ளன. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் ஏறத்தாழ 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. 2021இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் 5 கோடியே 30 லட்சம் பேர் கூடுதலாகப் பெரும் மனச்சோர்வுக்கும், 7 கோடியே 60 லட்சம் பேர் கூடுதலாகப் பதற்றக் கோளாறுகளுக்கும் ஆளானார்கள். பெண்களும் இளையோருமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நகரத்தில் வேலையிழந்து திரும்பியவர்கள் பெரும்பாலும் இளையோர். ஆகவே அந்த ஆய்வு காட்டும் இரண்டு பிரிவினரும் ஒரே லயத்தில் ஒன்றாக வாழ்ந்தார்கள். ஆனால் இந்தத் துயரம் துயரம் என்ற பெயரோடு டிஸ்பென்சரிக்கு வருவதில்லை. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கை கால் உளைச்சல், நித்திரையின்மை என்றுதான் வரும். வலி மாத்திரை கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரமும் அதே முறைப்பாடு வரும். அந்த மாத்திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தாரா என்பதுதான் கேள்வி.

உதவியே இருக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இயங்கியது. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 இருந்தன. 1974 முதல் தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டுவரும் இலங்கை சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் இருந்தார்கள். இவை ஒவ்வொன்றும் உயிர் காத்த சேவைகள், இன்றும் தேவையானவை. ஆனால் தொலைபேசிச் சேவை மூன்று வசதிகளை எதிர்பார்க்கிறது: கையில் ஒரு போன், அதற்குச் சிக்னல், பேசுவதற்குத் தனி இடம். இணையவழி வகுப்புக்காகப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறிய காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் இருந்த ஒரே போன் பாடத்துக்குப் போனது, அல்லது கணவரின் சட்டைப்பையில் இருந்தது. அடிக்கும் கணவனைப் பற்றி முறையிட விரும்பும் பெண், அவன் படுத்திருக்கும் அதே காம்பராவில் நின்று எப்படிப் பேசுவாள்? வாசலுக்கு வந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நோட்டன் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் 1950 முதல் லக்சபானாவில் மின்சாரமாகி நாட்டுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் புறப்படும் மலையில் ஒரு பெண் தன் துயரத்தைத் தனியாகப் பேச ஓர் அழைப்பு எடுக்க முடியவில்லை என்றால், அதைத் திருத்த வேண்டிய கடன் நாட்டுக்கு உண்டு.

சரி, மனநல வைத்தியரை அனுப்பலாமே என்று கேட்கலாம். இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல வைத்தியர்கூட இல்லை. இருப்பவர்களிலும் தமிழில் நோயாளியோடு இயல்பாகப் பேசக் கூடியவர்கள் சிலரே. உளநல சிகிச்சையில் மொழி என்பது மருந்துக்கு நிகரானது. இரத்த அழுத்தத்தை மொழி தெரியாமலும் அளந்துவிடலாம். ஒருவருக்கு வாழ்க்கை ஏன் வெறுத்துப்போனது என்பதை அப்படி அறிய முடியாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலை 2017இல் புதிய கட்டடம் பெற்றது நல்ல செய்தி. ஆனாலும் பஸ் ஓடாத ஊரடங்கு நாளில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பிரிவிலிருந்து அங்கே போவது எளிதன்று. நிபுணர் தொலைவில்தான் இருப்பார் என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுவதே யதார்த்தம்.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவர் யார்? கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு தேடிப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் காலையும் மாலையும் ஒவ்வொரு தாயின் முகத்தையும் பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பாடசாலை ஆசிரியர். டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். இவர்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மேல்நிலைப் பள்ளிக்கு அப்பால் படிக்காத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளை வழக்கமான வீட்டுச் சந்திப்பின்போதே கவனிக்கச் செய்தார்கள். 903 தாய்மார் பங்கெடுத்த அந்த ஆய்வு 2008இல் வெளியானது. குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர் கவனித்த தாய்மாரில் 23 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. மற்றவர்களிடம் அது 53 சதவீதம். சிம்பாப்வேயின் ஹராரே நகரில் வைத்தியர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலைய வளவில் ஒரு மரப்பெஞ்சில் அமர்ந்து பேச மூத்த பெண்களைப் பயிற்றினார். அங்கும் ஆறு மாத முடிவில் அவர்களோடு பேசியவர்களிடம் மனச்சோர்வு மற்ற நோயாளிகளைவிடப் பெரிதும் குறைந்திருந்தது. நம் குடும்பநல உத்தியோகத்தர்கள் இந்தப் பெண்களுக்குக் கல்வியிலும் அனுபவத்திலும் குறைந்தவர்கள் அல்லர்.

எதைப் பயிற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். நெருக்கடியில் பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் உடனே கொட்டச் செய்தால் மனம் ஆறும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி ஒரே அமர்வில் கிளறுவதால் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று தெரிந்தது. அதற்குப் பதிலாக உலக சுகாதார நிறுவனமும் பங்காளி அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார்ப்பது, கேட்பது, இணைப்பது. நடைமுறையில் இது எளிமையானது. பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் தாய் இரண்டு நாளாகத் தலைவாரவில்லை என்பதைக் கவனிப்பது. “சாப்பிட்டீங்களா, ராவைக்கு நித்திரை வருதா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவசரப்படாமல் இருப்பது. “எல்லாம் சரியாகிவிடும்” என்று வாயை அடைக்காமல் இருப்பது. செத்துப்போகலாம் போல இருக்கிறதா என்று தேவைப்பட்டால் நேராகவே கேட்பது. அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஆம் என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், நம்பிக்கையான உறவினரையும் வைத்தியசாலையையும் அன்றே தொடர்புபடுத்துவது. நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து சொல்வதும் இவர்கள் வேலை இல்லை. எல்லை எது என்று தெரிந்திருப்பதும் பயிற்சியின் பகுதியே.

பயிற்சிக்குப் பிறகு என்ன என்பதில்தான் நம் நாடு பலமுறை தவறியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின்னர் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சமூக மட்டத்தில் உளநலப் பணியாளர்கள் பயிற்றப்பட்டார்கள். நன்றாக வேலையும் செய்தார்கள். நிவாரண நிதி வற்றியதும் பல இடங்களில் அந்தப் பணி நிலைக்கவில்லை. இதற்கு மாறான பாடத்தை யாழ்ப்பாணத்தில் காணலாம். போர்க்காலத்திலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் அவர்களோடு உழைத்தவர்களும் ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் பயிற்றினார்கள். தமிழிலேயே பாடநூல் எழுதினார்கள். சாந்திகம் போன்ற நிலையங்கள் உளவளத்துணையாளர்களை உருவாக்கின. வைத்தியர் அரிதாக இருந்த மண்ணில் ஒரு மரபு உருவானது. கேரளம் இன்னொரு சான்று. 2018 வெள்ளத்திலும் நிபா காய்ச்சலிலும் பழகியிருந்த மாவட்ட மனநலக் குழுக்கள், 2020 தொடக்கத்திலேயே ‘ஒற்றக்கல்ல, ஒப்பமுண்டு’ (தனியாக இல்லை, உடன் இருக்கிறோம்) என்ற திட்டத்தின் கீழ் தனிமைப்படுத்தப்பட்டவர்களைத் தாங்களாகவே அழைத்துப் பேசத் தொடங்கின. துன்பப்படுபவர் அழைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அதே கேரளத்தில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண்சரிவு தேயிலைத் தோட்ட லயங்களை மூடி 70 பேரைப் பறித்தது. பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர்கள். தொற்றும் மண்சரிவும் ஒரே தோட்டத்தின் மீது ஒரே காலத்தில் விழலாம் என்பதை மலையகம் அந்தச் செய்தியிலிருந்து கற்றிருக்க வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு மிகவும் நேர்மையானது: மக்களின் துயரத்துக்குக் காரணம் வறுமை, சம்பளமும் காணியும் வீடும் கொடுக்காமல் உளவளத்துணை கொடுப்பது அநீதிக்குப் பூச்சுப் பூசுவதாகும். இதன் பாதி முற்றிலும் உண்மை. இலங்கையின் சொந்த வரலாறே அதற்குச் சாட்சி. 1995இல் நம் நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பத்தாண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியானது. அதற்கு முதன்மைக் காரணம் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசு தடைசெய்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு சட்டம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. எனவே சம்பளப் போராட்டத்தை உளநலப் பணியாகவும் நான் கருதுகிறேன். ஆனால் மறுப்பின் மறுபாதியை ஏற்க முடியாது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கான கோரிக்கை வர்த்தமானியாவதற்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் ஒரு தாய் தன் இரவுகளைத் தனியே கடக்கட்டும் என்று எந்த நீதி சொல்லும்? மேலும், பயிற்சி பெற்றவரின் மூன்றாவது வேலை இணைப்பது. நிறுத்தப்பட்ட கொடுப்பனவு, தவணைக்கு நெருக்கும் கடன்காரர், கிராம உத்தியோகத்தரிடம் பதிவாகாத குடும்பம் ஆகியவற்றை அவர் வெளியே கொண்டுவர முடியும். நன்றாகக் கேட்பவர் அநீதிக்குச் சாட்சியாகவும் ஆகிறார்.

இரண்டாவது மறுப்பு, லயத்தில் இரகசியம் தங்காது என்பது. ஓரிடத்தில் சொன்னது மறுநாள் குழாயடியில் பேசப்படும். பிள்ளைக்காம்பரா உத்தியோகத்தருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம் என்பதால் துரை வரைக்கும் போகும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சித் திட்டம் ஒன்று தோற்பதென்றால் இங்கேதான் தோற்கும். ஆகையால் சில நிபந்தனைகள் தேவை. ஆட்களைத் தெரிவுசெய்வதில் மக்களுக்குக் குரல் இருக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு ஒருவர் என்று இல்லாமல், பக்கத்துத் தோட்டத்தவரையும் நாடும் வாய்ப்பு இருக்க வேண்டும். பேச்சின் விவரம் எந்தப் பதிவேட்டிலும் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. பொறுப்புச் சொல்வது சுகாதார வைத்திய அதிகாரிக்கு மட்டுமே. உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கு ஆபத்து என்ற நிலைகளில் மட்டும் இரகசியம் தளரும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். பேசுவதற்குப் பாடசாலை, கிளினிக், கோயில் மண்டபம் என எங்காவது கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஆனால் இவை இல்லாமல் தொடங்குவதைவிடத் தொடங்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது மறுப்பை அந்தப் பெண்களே எழுப்புகிறார்கள்: ஏற்கெனவே எடை பார்க்கிறோம், ஊசி போடுகிறோம், படிவம் நிரப்புகிறோம், இதையும் எங்கள் தலையில் கட்டுவதா? சரியான கேள்வி. தொற்றுக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்களே அஞ்சினார்கள், சோர்ந்தார்கள், தம் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோய்விடுவோமோ என்று தவித்தார்கள். பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்பவருக்குத் தம் துயரத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். எனவேதான் வழிகாட்டுநர் என்பவரை நான் வாதத்தின் நடுவில் வைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்றவர்கள் ஐந்தாறு பேர் ஒன்றுகூடி, ஒரு மனநல மருத்துவ அதிகாரியோடு தாம் சந்தித்த கடினமான நிலைகளைப் பேச வேண்டும். நேரில் முடியாவிட்டால் தொலைபேசியில் பேசலாம். இந்தச் சந்திப்பு வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். அதற்குரிய கொடுப்பனவும் வேண்டும். பெண்களின் அன்பை இலவச உழைப்பாகக் கணக்கிடும் பழக்கத்தை உளநலத் திட்டமே தொடரக் கூடாது.

நான்காவது மறுப்பு, தொற்று போய்விட்டது, இனி இது எதற்கு என்பது. தொற்று தணிந்த அடுத்த ஆண்டே, 2022இல், எரிபொருளுக்கும் மருந்துக்கும் அரிசிக்கும் நாடு தவித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் மண்சரிவுகளை உண்டாக்கியது. குடும்பங்கள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தன. ஆறாண்டுக்குள் மூன்று பேரிடர்கள். ஒவ்வொன்றிலும் போக்குவரத்து தடைப்பட்டது, வருமானம் நின்றது, துயரம் அதே காம்பராவுக்குள் வந்து சேர்ந்தது. 2020இல் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு பிரிவிலும் நிலைத்திருந்தால் மற்ற இரண்டிலும் அவரே முதலில் அந்த வீட்டுக்குப் போயிருப்பார். மழை வந்தபிறகு கூரை வேயத் தொடங்கினால் நனைவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த அவையிடம் நான் கேட்பது பெரியதன்று. அம்பகமுவ பிரதேசத்துக்குள் ஐந்து தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர், ஒரு சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், ஓர் ஆசிரியர், மக்கள் நம்பும் ஒரு தொழிலாளி என நால்வர். மொத்தம் இருபது பேர். பயிற்சி தமிழில், மலையகப் பேச்சுவழக்கில் நடக்கட்டும். வழிகாட்டும் பொறுப்பைச் சுகாதாரத் திணைக்களம் எழுத்தில் ஏற்கட்டும். ஊதியச் செலவைப் பெருந்தோட்டக் கம்பெனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் பகிர்ந்துகொள்ளட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும். ஈராண்டு முடிவில் எத்தனை பேர் நாடினார்கள், எத்தனை பேர் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதை, யார் பெயரும் வெளியாகாமல், மக்கள் முன் வைப்போம். பயன் இல்லை என்று தெரிந்தால் திருத்துவோம். உண்டு என்றால் மலையகம் முழுவதற்கும் கேட்போம். அரசியலமைப்பு நம்மைக் குடிமக்கள் என்று சொல்கிறது. ஒரு குடிமகனின் மனத்துயரத்தை அவர் மொழியில், அவர் வாழும் இடத்தில் கேட்க அரசும் நிர்வாகமும் ஆளை நியமிப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் மரியாதை. அதைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. பெற்றுக்கொள்வோம்.